மாறாமையைக் காப்போர்

‘நிலையானது’ என்ற சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். அசையாது உறுதியாக நிற்பது ஒரு பொருள். காலஞ் சென்றும் மாறாதிருப்பது மற்றொரு பொருள். நிலையான பணிசெயல் முறைமை என்று கணினித் துறையினர் கூறும்போது, கேட்பவர் பெரும்பாலும் முதற் பொருளையே கொள்கின்றனர். ஒருபோதும் பழுதுறாத ஒன்று என எண்ணிவிடுகின்றனர். சொல்பவர் கருதுவதோ இரண்டாம் பொருளை. இன்று நிறுவிய முறைமை அடுத்த ஆண்டும் இன்று நடந்தவாறே நடக்கும், நேற்று எழுதிய செய்நிரல் நாளையும் அதன்மேல் ஓடும் என்ற வாக்குறுதியே அது. பழுது அதிலும் உண்டு. பழுது உண்டாயின் திருத்தம் வேண்டும். திருத்தம் என்பது ஒரு மாற்றம். மாற்றமோ கொடுத்த வாக்குக்கு மாறானது. இந்த முரண்பாட்டோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

பணிசெயல் முறைமை யாது என வினவும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியின் இரும்புக்கும் மனிதர் எழுதும் செய்நிரல்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, வெளியுலகத் தொடர்பை நடத்தும் அடிப்படை மென்பொருளே அது. வங்கியின் கணக்கும் வைத்தியசாலையின் நோயாளர் ஏடும் அதன்மேலேதான் அமர்ந்துள்ளன. அதில் ஒரு துவாரம் இருப்பின் மேலுள்ள அனைத்துக்கும் ஆபத்து. அதை ஆராயாது மாற்றினாலும் அனைத்துக்கும் ஆபத்தே.

1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16 ஆந் திகதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் மேர்டொக் என்னும் இளைஞர் ஒரு திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து நாட்டவரான லினஸ் டோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் உட்கருவைச் சூழ, பலரும் எழுதிய இலவச மென்பொருள்களைக் கவனமாகத் தொகுத்து ஒரு முழு முறைமையாக்குவது அவர் நோக்கம். தம் காதலியார் டெப்ரா என்பாரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து ‘டெபியன்’ எனப் பெயரிட்டார். கூலியின்றி உழைக்கும் தன்னார்வலர்களே அன்று தொட்டு இன்றுவரை அதை நடத்தி வருகின்றனர்.

இவர்களுடைய முதலாவது இன்னல் வெளியீட்டு எண்ணிலேயே தொடங்கிற்று. 1995 இன் இறுதியில், குறுந்தட்டு விற்கும் வணிக நிறுவனம் ஒன்று, இன்னும் அரைவேக்காடாக இருந்த தொகுப்பை எடுத்து ‘டெபியன் 1.0’ எனப் பெயரிட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டது. அது ஒழுங்காக இயங்கவில்லை. மக்கள் குழம்பாதிருக்கும்பொருட்டு டெபியன் கூட்டத்தார் 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996 யூன் மாதத்தில் 1.1 எனத் தொடங்கினர். முடிந்தது எது, முடியாதது எது என்பதை வேலியிட்டுப் பிரிக்கவேண்டும் என்ற பாடத்தை அவர்கள் அன்றே கற்றனர்போலும். பின்னர் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ‘டோய் ஸ்டோரி’ என்ற திரைப்படத்தின் பொம்மைப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டினர். எக்காலத்தும் மாறிக்கொண்டேயிருக்கும் சோதனைக் களத்துக்கு மட்டும் ‘சிட்’ என்ற பெயர் நிலைத்தது. சிட் என்பவன் அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுச் சிறுவன். பெயர் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது என்பதில் ஐயமில்லை.

1997 யூலையில், புரூஸ் பெரென்ஸ் தலைவராக இருந்த காலத்தில், அவர்கள் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டனர். தம் முறைமையில் காணப்படும் குறைகளை மறைக்கமாட்டோம், குறை முறையீடுகளின் ஏடு எக்காலத்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பது அதன் உறுப்புகளுள் ஒன்று. வணிக உலகில் எவரும் எளிதில் கொடுக்க அஞ்சும் வாக்குறுதி இது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. பாதுகாப்புத் துவாரம் ஒன்று இரகசியமாக அறிவிக்கப்படும்போது, பல நிறுவனங்களும் ஒரே நாளில் திருத்தம் வெளியிடும்பொருட்டுச் சிலநாள் வாய்மூடியிருப்பதற்கு டெபியனின் பாதுகாப்புக் குழுவும் இணங்குகின்றது. கள்வனுக்கு முன்கூட்டியே வாயிலைக் காட்டாதிருப்பது மறைத்தலாகுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சிலநாள் மௌனம் குற்றமன்று, அது மாதக்கணக்காக நீள்வதே குற்றம் என்பது நம் கருத்து.

இனி, திருத்தும் முறைக்கு வருவோம். ஒரு செய்நிரலை எழுதிய மூல ஆசிரியர் அதில் வழுவொன்றைக் கண்டால், வழக்கமாகத் தம்முடைய புதிய பதிப்பிலேயே அதைத் திருத்துவார். அப்பதிப்பில் அந்தத் திருத்தத்தோடு புதிய வசதிகளும் புதிய பழக்கங்களும் புதிய வழுக்களும் கலந்திருக்கும். கூரையில் ஓர் ஓடு உடைந்ததென்று மேசனாரை அழைத்தால், “அடுத்த தெருவிலே புதுவீடு கட்டியிருக்கிறேன், அங்கே குடிவாருங்கள்” என்று அவர் சொல்வதை இது ஒக்கும். வீட்டுக்காரருக்கு வேண்டியது ஓர் ஓடு மாத்திரமே. ஆகவே டெபியனின் பராமரிப்பாளர் புதிய பதிப்பிலிருந்து அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்குப் பொருந்துமாறு செதுக்கிப் பொருத்துகிறார். இதனைப் பின்கொணர்தல் என்பர். மூல ஆசிரியரின் பெயரும் பதிப்பெண்ணும் அப்படியே இருக்கும். எண்ணின் வாலிலே மட்டும் இது இன்ன வெளியீட்டுக்கான இத்தனையாந் திருத்தம் என்ற குறிப்பு ஏறும்.

எல்லா வழுவுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பாதுகாப்புத் துவாரங்கள், தரவை அழிப்பவை, செய்நிரலைப் பயனற்றதாக்குபவை ஆகியனவே நிலையான வெளியீட்டுக்குள் அனுமதிக்கப்படும். எழுத்துப் பிழையும் அழகுக்குறையும் அடுத்த வெளியீடு வரை காத்திருக்கவேண்டும். திருத்தம் முதலில் சிட் களத்தில் இடப்பட்டிருத்தல் வேண்டும்; பழையதற்கும் புதியதற்குமுள்ள வேறுபாட்டை வரிவரியாக வெளியீட்டுக் குழுவின்முன் வைத்து அனுமதி பெறவேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தனி வழியாக உடனே அனுப்பப்படும். ஏனையவை ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கொருமுறை தொகுக்கப்பட்டு ஒரு புள்ளி வெளியீடாக வரும். இது தூய நூலாதிக்கம் என்று வெளியிலிருப்போர் குறைகூறுவதுண்டு. ஒருவரியை மாற்றுவதற்கு இத்தனை சடங்கா என்று கேட்பர். அவர்களுக்கு விடையாகச் சில நிகழ்ச்சிகள் உள்ளன.

2002 ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘வூடி’ எனப்பட்ட 3.0 வெளியீடு ஆயத்தமாகி நின்றது. ஆயினும் அது வெளிவரவில்லை. காரணம் வழுவன்று. முந்திய வெளியீடு 6 வகைக் கணினிகளுக்கு மட்டும் உரியது; வூடியோ 11 வகைகளுக்கு உரியது. ஒரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போது 11 வகைக்கும் அதைத் தனித்தனியே ஆக்கி, ஒரே வேளையில், முன்கூட்டி வெளித்தெரியாதவாறு வழங்கவேண்டும். அதற்கான தானியங்கி ஏற்பாடு அன்று இல்லை. பிள்ளை பிறக்குமுன் மருத்துவச்சியைத் தேடவேண்டிய நிலை. இரண்டரை மாதங்கள் சென்று, யூலை 19 ஆந் திகதியே வூடி வெளிவந்தது. பலர் சலித்தனர். எனினும் காக்கமுடியாத ஒன்றை வெளியிடுவதிலும் வெளியிடாதிருப்பதே நன்று என்று அவர்கள் துணிந்தமை பாராட்டுக்குரியது.

அடுத்த ஆண்டில் வந்த சோதனை கடுமையானது. 2003 நவெம்பரில், களவாடிய கடவுச்சொல் ஒன்றைக் கொண்டு எவரோ டெபியனின் சொந்தச் சேவையகங்களுக்குள் நுழைந்தனர். நான்கு இயந்திரங்கள் கைப்பற்றப்பட்டன. குறை முறையீடுகளின் ஏடு இருந்த இயந்திரமும் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கிய இயந்திரமும் ஒன்று. காவற்காரனின் குடிசைக்குள்ளேயே கள்வன் புகுந்துவிட்டான். மென்பொருட் களஞ்சியம் தீண்டப்படவில்லை என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உறுதிசெய்யும்வரை சேவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. நடந்தவற்றை அவர்கள் வெளிப்படையாக அறிவித்தனர்.

சாதாரண பயனாளர் ஒருவரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே வந்தவன் தலைமை அதிகாரத்தை எவ்வாறு பெற்றான் என்பதே நம் கவனத்துக்குரியது. லினக்ஸ் உட்கருவில் நினைவகத்தின் எல்லையைச் சரிபார்க்கத் தவறிய ஓரிடம் இருந்தது. அந்தத் தவறு செப்ரெம்பர் மாதத்திலேயே அன்ட்ரூ மோர்ட்டன் என்பவரால் காணப்பட்டு, வளர்நிலைப் பதிப்பில் திருத்தப்பட்டிருந்தது. அப்போது அது ஒரு சாதாரண வழுவாகவே எண்ணப்பட்டது. அதைக் கொண்டு ஒருவன் அதிகாரத்தைக் கைப்பற்றலாம் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணாதபடியால் பழைய உட்கருவுக்கு அத்திருத்தம் கொண்டுவரப்படவுமில்லை. நிலையான வெளியீட்டின் வாசலில் நிற்போர், ‘பாதுகாப்புக்குரியது எது, சாதாரணமானது எது’ என்று பிரித்தே உள்ளே விடுகின்றனர். அந்தப் பிரிவினையை எதிரி நம்மைவிட நன்றாகச் செய்துவிடுவானாயின் யாது செய்வது? இந்த வினாவுக்கு முழுமையான விடை இன்றுவரை இல்லை. திருத்தங்களின் மேலுள்ள மின்முத்திரையைப் பெறுபவரின் கணினி தானாகவே சரிபார்க்கும் ஏற்பாடு மட்டும் 2007 இல் வந்த ‘எட்ச்’ வெளியீட்டிலிருந்து நிலைபெற்றது.

அந்த எட்ச் வெளியீடே மற்றொரு துன்பக் கதையின் களமாயிற்று. மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற மென்பொருட் தொகுதியை நேயர்களிற் பலர் பெயரறியாமலே நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். இரகசியச் சாவி ஒன்றை ஆக்குவதற்கு எவராலும் ஊகிக்கமுடியாத எண்கள் தேவை. தாயக்கட்டை உருட்டுவதுபோலப் பல மூலங்களிலிருந்து தற்செயலான துணுக்குகளை எடுத்து ஒரு பாத்திரத்தில் இட்டுக் கலக்குவர். 2006 இல், செய்நிரல்களின் நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் கருவியொன்று, அந்தத் தொகுதியில் தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று எச்சரித்தது. டெபியனில் அத்தொகுதியைப் பராமரித்தவர் அந்த எச்சரிக்கையை நீக்க எண்ணி, மூல ஆசிரியர்களின் குழுவிடமும் வினவி, இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றைய வரியோ துணுக்குகளைப் பாத்திரத்தில் இடும் அந்த ஒரே வரி. அது போனபின் எஞ்சியது, இயங்கும் செய்நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் ஒன்றே. அந்த எண் 32,768 க்கு மேற்படாது. எண்ணற்கரிய சாவிகள் பிறக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக்கும் 32,768 சாவிகளே பிறந்தன. பொறுமையுள்ள எவரும் அவையனைத்தையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டில் இட்டுப் பார்க்கலாம்.

2006 செப்ரெம்பரில் சிட் களத்துக்கு வந்த அந்த மாற்றம், 2007 ஏப்பிரலில் எட்சோடு நிலையான வெளியீட்டுக்குள் புகுந்தது. அதற்குள் எத்தனையோ கண்கள் அதைக் கடந்து சென்றன. புகுந்தபின் நிலையான வெளியீட்டின் விதியே அதற்குக் காவலாயிற்று. மாறாமை நன்மையை மட்டும் காப்பதில்லை; உள்ளே புகுந்த தீமையையும் அவ்வாறே காக்கும். லூசியானோ பெல்லோ என்பவர் அதைக் கண்டுபிடித்தபின், 2008 மே 13 ஆந் திகதி அறிவித்தல் வெளிவந்தது. திருத்தம் மிகச் சிறியது. நீக்கியதை மீண்டும் இட்டால் போதும். ஆனால் திருத்தம் நோயைத் தீர்க்கவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்களில் அந்த இயந்திரங்களில் பிறந்த சாவிகள் அனைத்தும் உலகெங்கும் பரவியிருந்தன. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு போன்ற முறைமைகளிலும் அவை இருந்தன. அம்முறைமைகளை ஒருபோதும் பயன்படுத்தாதவரின் கணினிகளிலும், எவரோ கொண்டுவந்து பதித்த சாவிகளாக இருந்தன. ஆகவே அன்று வழங்கிய புதுப்பித்தலோடு, பலவீனமான சாவிகளின் கறுப்புப் பட்டியலையும் சேர்த்து அனுப்பவேண்டியதாயிற்று. எட்சுக்கு முந்திய ‘சார்ஜ்’ வெளியீட்டை மாற்றாமல் வைத்திருந்தோர் இதனால் பாதிக்கப்படவில்லை. சோம்பலுக்கும் சில வேளை கூலி கிடைக்கும்.

குறை மூல ஆசிரியரதா, பராமரிப்பாளரதா என்று அக்காலத்தில் பெரும் வாதம் நடந்தது. ஒரு தனிமனிதரைக் கூண்டிலேற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. தாம் எழுதாத நூலில், அதன் ஆசிரியர் காரணம் எழுதிவைக்காத ஒரு வரியில், கைவைக்கவேண்டிய தொழில் அது. பின்கொணர்தலும் அதே இயல்பினதே. ஒவ்வொரு ஒட்டும் பிறர் வீட்டில் செய்யும் வேலை.

பின்கொணர முடியாத இடங்களும் உண்டு. பயர்பொக்ஸ் என்ற இணைய உலாவி அவற்றுள் முதன்மையானது. 2006 இல் மொசில்லா அமைப்பினர், தம் அனுமதியின்றித் திருத்தப்பட்ட மென்பொருளுக்குத் தம் வணிகப் பெயரை வழங்கக்கூடாது என்றனர். பழைய பதிப்புக்குத் தாமே ஒட்டுப்போடும் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாத டெபியன் கூட்டத்தார், அந்த உலாவிக்கு ‘ஐஸ்வீசல்’ என வேறு பெயரிட்டனர். பெயரைத் துறந்து உரிமையைக் காத்தனர். ஆயினும் உலாவி பெருத்துக்கொண்டே போயிற்று, துவாரங்களும் பெருகின, தன்னார்வலரின் கைகள் பெருகவில்லை. 2013 யூன் மாதத்தில் பாதுகாப்புக் குழுவினர் தோல்வியை ஒளிக்காமல் அறிவித்தனர்: இனித் தனித்திருத்தங்களைப் பின்கொணரப் போவதில்லை, மொசில்லாவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளையே நிலையான வெளியீட்டுக்குள் விடுவோம் என்றனர். 2016 இல் பழைய பெயரும் திரும்பிற்று.

சில மாற்றங்கள் கணினித் துறையாலன்றி அரசுகளால் வருவன. 2006 ஏப்பிரலில், புத்தாண்டை ஒட்டி, இலங்கை தன் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னுக்கு வைத்தமை நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். கணினிக்குள்ளே ஒவ்வொரு நாட்டின் நேரத்தையும் குறிக்கும் அட்டவணை ஒன்றுண்டு. அட்டவணை பழையதாயின், முறைமை எவ்வளவு உறுதியாக இயங்கினும் மணி பிழையாகவே காட்டும். ஆகவே இத்தகைய தரவுகள் புள்ளி வெளியீட்டுக்குக் காத்திராமல் தனி வழியாக நிலையான வெளியீட்டுக்கும் அனுப்பப்படுகின்றன.

2014 ஏப்பிரல் 7 ஆந் திகதி, அதே ஓபன்எஸ்எஸ்எல் தொகுதியில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற துவாரம் உலகறிய வெளிவந்தது. சேவையகத்தின் நினைவகத்தை வெளியிலிருந்தே சிறிது சிறிதாகக் கறந்தெடுக்கலாம் என்ற செய்தி எங்கும் நடுக்கத்தை உண்டாக்கிற்று. டெபியனின் திருத்தம் அன்றே வெளிவந்தது. திருத்தப்பட்ட தொகுதியின் மூலப் பதிப்பெண் முன்போல ‘1.0.1ஈ’ என்றே இருந்தது. வாலிலுள்ள குறிப்பு மட்டுமே மாறிற்று. பதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சான்றளிக்கும் கணக்காய்வாளர்கள், திருத்தப்பட்ட இயந்திரங்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கலாயினர். இந்தக் குழப்பம் வேறு திருத்தங்களிலும் இன்றுவரை தொடர்கின்றது. அதற்கும் முந்திய ‘ஸ்குவீஸ்’ வெளியீட்டில் இருந்த தொகுதி மிகப் பழையதாகையால் அதில் அந்தத் துவாரமே இல்லை. அதே ஆண்டில்தான், ஸ்குவீசுக்கு வழக்கமான ஆதரவு முடிந்தபின்னும் ஐந்தாண்டு நிறையும்வரை திருத்தங்களை வழங்கும் நீண்டகாலத் திட்டம் தொடங்கிற்று. பழையதைக் காக்கும் வேலையைக் கூலியின்றிச் செய்ய ஆளில்லாமையால், அதனால் பயன்பெறும் நிறுவனங்கள் பொருள் கொடுத்தன. பணத்தை வெறுத்துத் தொடங்கிய கூட்டமன்று இது. ஆயினும் பழையதைப் பேணுதல் புதியதை ஆக்குவதிலும் சலிப்பான வேலை என்பதை இந்த ஏற்பாடு ஒத்துக்கொள்கிறது.

திருத்தமே தீங்காகுமா? 2023 திசெம்பரில் அதுவும் நிகழ்ந்தது. உட்கருவைப் பொறுத்தவரை, டெபியன் அதன் மூல ஆசிரியர்கள் நடத்தும் நீண்டகாலத் தொடரின் தொகுப்புத் திருத்தங்களை எடுத்துக்கொள்கிறது. அத்தொடரின் 6.1.64 ஆம் பதிப்பில், கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் புதிய உட்கருவிலிருந்து பின்கொணரப்பட்டது. அத்திருத்தம் வேறொரு முந்திய மாற்றத்தின்மேல் நிற்பது. அந்த முந்திய மாற்றமோ கொண்டுவரப்படவில்லை. ஓட்டைக் கொண்டுவந்தனர், அதைத் தாங்கும் மரச்சட்டத்தை விட்டுவிட்டனர். சில சூழ்நிலைகளில் கோப்புகளின் தரவு சிதைந்தது. 12.3 ஆம் புள்ளி வெளியீடு அந்த உட்கருவோடு களஞ்சியத்தில் ஏறிக்கொண்டிருந்த வேளையிலேயே இது தெரியவந்தது. நிறுவற் படிமங்களை நிறுத்தி, கணினிகளைப் புதுப்பிக்கவேண்டாம் என்று பயனாளரை வேண்டி, திருத்திய உட்கருவோடு திசெம்பர் 10 ஆந் திகதி 12.4 ஐ வெளியிட்டனர். கடமை தவறாது உடனுக்குடன் புதுப்பித்தவரே அவ்வேளை அதிக ஆபத்தில் நின்றனர்.

நான்கு மாதங்களுக்குள் மற்றொன்று. 2024 மார்ச்சு மாத இறுதியில், அன்ட்ரெஸ் புரொயின்ட் என்ற பொறியியலாளர், தம்முடைய சிட் கணினியில் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கத்தைவிட அரைச் செக்கன் அதிகமாகிறது என்பதைக் கவனித்தார். வேறொருவராயின் விட்டிருப்பார். அவர் காரணத்தைத் துருவிச் சென்று, கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்ஸெட்’ என்ற சிறு தொகுதியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் எவரோ வேண்டுமென்றே கரந்துவைத்த இரகசிய வாயிலைக் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல உதவியாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் வேலை அது. அந்த வாயில் சிட் களத்தினுள் வந்துவிட்டது, 5.4.1 ஆம் பதிப்போடு நின்ற ‘புக்வேர்ம்’ என்னும் நிலையான வெளியீட்டுக்குள் வரவில்லை. புக்வேர்மைக் காத்தது எவருடைய பரிசோதனையுமன்று, அதன் பழமையே. ஆயினும் களஞ்சியத்தை ஆக்கும் இயந்திரங்கள் தூயனவா என்ற ஐயம் எழுந்தபடியால், ஏப்பிரல் 6 ஆந் திகதிக்குக் குறித்திருந்த 12.6 புள்ளி வெளியீட்டை ஒத்திவைத்தனர். திருத்தங்கள் வரிசையில் காத்திருந்தன. யூன் 29 ஆந் திகதியே அவை வெளியே வந்தன.